பறந்தவர் விட்டுச்சென்ற காகிதங்கள்



ரெக்கார்டு நோட்டு என்றாலே நம் எல்லோருக்கும் ஒரு கசப்பு. செமஸ்டர் முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் அதன் ஞாபகமே வரும். பக்கத்து பெஞ்ச் நண்பனின் நோட்டை வாங்கி, ரீடிங் முதற்கொண்டு ரிசல்ட் வரை அப்படியே பார்த்து எழுதி, படத்துக்கு ஸ்கேல் கூட வைக்காமல் கோடு இழுத்து, கையெழுத்து வாங்கிவிட்டால் "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு. இதில் நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் நான்தான் மாட்டிக்கொண்டவன்.

போன வருடம் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டை நண்பனைப் பார்த்து எழுதியபோது தேதியையும் சேர்த்து எழுதிவிட்டேன். அந்தத் தேதியில் நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன்! அட்டெண்டன்ஸில் ஆப்சென்ட், ரெக்கார்டிலோ லேத்தில் டேப்பர் டர்னிங் முடித்திருக்கிறேன். சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். திட்டவில்லை. "ரெண்டு பேப்பர் ரெண்டு விதமா பேசுதுடா. எதை நான் நம்புறது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குத் தண்டனையாக ஒரு செமினார் தலைப்பும் கொடுத்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம் என்று அவருக்குத் தெரியும். "நீ விமானத்தைப் பத்திப் பேசாதே. அந்தக் காலத்து விமானி வெச்ச கணக்கைப் பத்திப் பேசு" என்றார். தண்டனையாக ஆரம்பித்த வேலை, முடிவில் என்னை வேறு மாதிரி யோசிக்க வைத்துவிட்டது. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்த இந்திரலால் ராய்?

முதல் உலகப் போர் நடந்த காலத்தில் இந்தியருக்கு ராணுவத்தில் அதிகாரி பதவி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதிலும் விமானப் படை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சில இந்திய இளைஞர்கள் அந்தக் கதவைத் தட்டித் திறந்தார்கள். ஹர்தித் சிங் மாலிக், எரோல் சந்தர் சென், ஸ்ரீகிருஷ்ண வேலிங்கர், இந்திரலால் ராய் ஆகிய நால்வர் பெயரும் அதில் முக்கியமானவை.

இந்திரலால் ராய் 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை பாரிஸ்டர். தாயார் லோலிதா ராய், இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களில் ஒருவர். மகன் லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். வசதியான வீடுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கும் ஒரு தடை வந்தது. விமானப் படைக்கு மனு போட்டபோது, கண் பார்வை சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தில் பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் போய் மறுபரிசோதனை செய்துகொண்டு, முதல் முடிவை மாற்ற வைத்தார். ஒரு பேப்பர் 'முடியாது' என்றது; இன்னொரு பேப்பர் வாங்கிவந்து 'முடியும்' என்று காட்டினார். 1917 ஜூலையில், 18 வயதில், ராயல் ஃப்ளையிங் கோர் என்ற பிரிட்டிஷ் விமானப் படையில் அதிகாரியானார். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம் வயது, நண்பர்களே!

1917 அக்டோபர் கடைசியில் பிரான்சில் இருந்த 56ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். டிசம்பர் 6 அன்று அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று நினைத்துப் பிணங்களோடு போட்டுவிட்டார்கள் என்றும், நினைவு வந்து அவர் கதவைத் தட்டினார் என்றும் ஒரு கதை அவரைப் பற்றிய கட்டுரைகளில் எல்லாம் வருகிறது. எப்படியோ, பிழைத்தார். ஆனால் பறக்கத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். விடாமல் முயன்று 1918 ஜூன் 19 அன்று 40ஆம் படைப்பிரிவில் மறுபடி பறக்கச் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று கார்வான் என்ற ஊருக்கு மேலே நடந்த சண்டையில் ஜெர்மானிய ஃபாக்கர் விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். பிரான்சில் எஸ்தவேல் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை.

கதை இவ்வளவுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாகியும், எந்தத் தேதியில் எந்த ஊருக்கு மேலே என்ன நடந்தது என்று நம்மால் எப்படிச் சொல்ல முடிகிறது? காகிதத்தால்தான்! அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. லாக் புத்தகம்

விமானி ஒவ்வொருவரும் ஒரு லாக் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அட்டை போட்ட, கட்டம் அச்சடித்த நோட்டு. அதில் தேதியும் நேரமும், காற்றின் திசையும் வேகமும், விமானத்தின் வகையும் எண்ணும், கூடப் போனவர் பெயர், பறந்த நேரம், உயரம், பாதை, கடைசியில் குறிப்பு என்று கட்டங்கள் இருக்கும். தரையிறங்கியதும் விமானி தன் கையால் நிரப்ப வேண்டும்.

நம் அப்சர்வேஷன் நோட்டை எடுத்துப் பாருங்கள். வரிசை எண், லோடு, ரீடிங், ரிமார்க்ஸ். ஒரே குடும்பம்தான்! வித்தியாசம் என்னவென்றால், நாம் ரீடிங்கைத் தப்பாக எழுதினால் மார்க் போகும். அவர்கள் தப்பாக எழுதினால் அடுத்த ஆள் உயிர் போகும்.

எப்படி என்று கேட்கலாம். எஸ்.இ.5ஏ என்பது ஸ்ப்ரூஸ் மரச் சட்டத்தின் மேல் லினன் துணியைத் தைத்து, அது விறைப்பாக நிற்க 'டோப்' என்ற பூச்சு பூசிய விமானம். இறக்கையின் நீளம் சுமார் 8.1 மீட்டர். ஆளும் துப்பாக்கியும் பெட்ரோலும் சேர்ந்தே சுமார் 900 கிலோதான். நம்ம அம்பாசிடர் காரைவிடக் குறைவு. அதில் 200 குதிரைத் திறன் எஞ்சின். வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர் வரை. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் கிடையாது. ஆரம்பத்தில் வந்த ஹிஸ்பானோ எஞ்சின்கள் சிலவற்றில் கியரைச் சரியாக ஹார்டனிங் செய்யாததால் பெரும் தொல்லை வந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்தைத் தூக்கக் கலக்கத்தில் கேட்கும் நமக்கு இது ஒரு எச்சரிக்கை. அடுப்பிலிருந்து கியரை எடுத்த ஆள் செய்த தவறுக்கு, 4,000 மீட்டர் உயரத்தில் இருந்தவன் விலை கொடுத்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில், எந்த எண்ணுள்ள விமானம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, யார் ஓட்டும்போது எஞ்சின் இடறியது என்று எழுதிவைத்தால்தான் மெக்கானிக்கிற்கு விவரம் தெரியும். 'எஞ்சின் சரியில்லை' என்று லாக் புத்தகத்தில் கிறுக்கிய ஒரு வரி, அடுத்த நாள் பறப்பவனுக்குக் காப்பு.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். கோடியக்கரைக்கு வரும் பறவைகளுக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் காலில் வளையம் மாட்டிவிடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வளையத்தில் இருப்பது ஒரு எண். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பறவைக்கு மாட்டினோம் என்று பதிவேட்டில் எழுதியிருந்தால்தான் அந்த உலோகத் துண்டு பேசும். விமானத்தின் எண்ணும் அப்படியே. லாக் புத்தகம் இல்லாவிட்டால் அது வெறும் பெயிண்ட்!

ராய் பறந்தது மொத்தம் 170 மணி நேரத்துக்குச் சற்று மேலே. 170ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏழு நாளும் கொஞ்சமும். அந்த மனிதரின் ஆகாய வாழ்க்கை முழுவதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2. சண்டை அறிக்கை

வானத்தில் சண்டை நடந்தால் லாக் புத்தகம் போதாது. தனியாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படைப்பிரிவு, விமான வகை, அதன் எண், ஆயுதம், விமானி பெயர், இடம், தேதி, நேரம், உயரம், எதிரி விமானம் எப்படி இருந்தது, முடிவு என்ன என்று மேலே கட்டங்கள். கீழே நடந்ததைச் சொந்த வார்த்தையில் எழுத இடம்.

இதில் 'முடிவு' என்ற கட்டம்தான் முக்கியம். எதிரி விமானம் 'அழிந்தது' என்பது ஒரு வகை. எரிந்தோ, உடைந்தோ, தரையில் மோதியோ பார்த்திருக்க வேண்டும். 'கட்டுப்பாடிழந்து கீழே போனது' என்பது இன்னொரு வகை. சுழன்றுகொண்டே இறங்கியது, அதன்பின் மேகத்தில் மறைந்துவிட்டது, கடைசி வரை பார்க்கவில்லை என்றால் இந்த வகையில் சேரும். இந்த இரண்டாம் வகையில் சேர்ந்த ஜெர்மன் விமானிகள் பலர், கீழே போனதும் விமானத்தை நேராக்கிக்கொண்டு பத்திரமாக வீடு திரும்பியிருக்கிறார்கள்! சும்மா ஏமாற்றுவதற்காகவும் சுழன்று இறங்குவார்கள்.

ராயின் பத்து வெற்றிகளில் ஐந்து முதல் வகை, ஐந்து இரண்டாம் வகை. பத்தில் இரண்டு, வேறு விமானியோடு பங்கு போட்டுக்கொண்டவை. ஆகவே 'பத்து விமானங்களை நொறுக்கினார்' என்று மேடையில் பேசுவது சரியல்ல. அவர் காலத்துப் படிவமே அப்படிச் சொல்லவில்லை. 'பார்த்தேன்' என்பதையும் 'இருக்கலாம்' என்பதையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டிருக்கிறது. இதனால் ராயின் வீரம் குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரைப் பணயம் வைத்துவிட்டு வந்தவன்கூட, பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதக் கூடாது என்ற ஒழுங்கு இருந்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் ரெக்கார்டில் 'பார்த்தது' எத்தனை, 'நண்பன் பார்த்தது' எத்தனை?

3. ஒன்பதா? பத்தா?

இப்போது சார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேப்பர் இரண்டு விதமாகப் பேசினால் எதை நம்புவது?

ராய்க்கு, இறந்தபின் 1918 செப்டம்பரில் டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அரசிதழில் வந்த பாராட்டுக் குறிப்பு, அவர் 13 நாட்களில் 9 எதிரி விமானங்களைக் கணக்குத் தீர்த்தார் என்கிறது. ஆனால் இன்று எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் ராய்க்கு 10 வெற்றி. எது பொய்?

செமினாருக்குத் தயார் செய்யும்போது இங்கேதான் தடுக்கி விழுந்தேன். ஒன்று அரசிதழ், இன்னொன்று வரலாற்றாசிரியர்கள் தொகுத்த பட்டியல். இரண்டுமே மரியாதைக்குரியவை. பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தேதி வாரியாக எழுதிப் பார்த்தேன்.

ஜூலை 6: ஒன்று.
ஜூலை 8: நான்கு மணி நேரத்துக்குள் மூன்று.
ஜூலை 13: இரண்டு.
ஜூலை 15: இரண்டு.
ஜூலை 18: ஒன்று.
ஜூலை 19: ஒன்று.

கூட்டினால் பத்து. சரி. ஆனால் 18ஆம் தேதி வரை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒன்பது! 6ஆம் தேதியிலிருந்து 18ஆம் தேதி வரை, இரண்டு முனையும் சேர்த்து எண்ணினால் எத்தனை நாள்? பதின்மூன்று!

அப்படியானால் 'பதின்மூன்று நாளில் ஒன்பது' என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. 18ஆம் தேதிக்குப் பின், 19ஆம் தேதிக் கணக்கு வந்து சேரும் முன் அந்தச் சிபாரிசு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அது மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்து அச்சாகும் முன் பத்தாவதும் வந்தது. எழுதப்பட்டவரே இல்லாமலும் போய்விட்டார். இரண்டு பேப்பரும் உண்மைதான். தேதிதான் வேறு!

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நான் ஒன்றும் பெரிய ஆராய்ச்சியாளன் இல்லை. எனக்கு முன்பே யாராவது இதைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள். இருந்தாலும், ஒரு டிப்ளமோ மாணவன் பென்சிலும் பேப்பரும் வைத்துக்கொண்டு நூறு வருஷத்துப் புதிர் ஒன்றைத் தானே அவிழ்க்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அன்றைக்கு யாரோ ஒருவர் தேதியைச் சரியாக எழுதிவைத்ததுதான். நம் திருமறைக்காட்டுக் கோயில் கதவைத் திறக்க அப்பர் பாட வேண்டியிருந்தது. காகிதக் கதவைத் திறக்கப் பாட்டு வேண்டாம். தேதி இருந்தால் போதும்.

4. படங்கள்

விபத்துக்குப் பின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ராய் சும்மா இருக்கவில்லை. விமானங்களைப் படம் படமாக வரைந்துகொண்டிருந்தார். அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. அவர் விட்டுச்சென்றவற்றில் என் மனசுக்கு மிக நெருக்கமானவை இவைதான். லாக் புத்தகமும் அறிக்கையும் மேலதிகாரி கேட்டதால் எழுதியவை. இந்தப் படங்களை யாரும் கேட்கவில்லை.

டிராயிங் ஹாலில் நின்று நின்று கால் வலிக்கும்போது நாமெல்லாம் என்ன நினைக்கிறோம்? 'இது எதுக்குடா நமக்கு' என்றுதானே! ஆனால் ஒரு பொருளை வரையத் தொடங்கினால்தான் அதை உண்மையில் பார்க்கத் தொடங்குகிறோம். இறக்கை உடம்போடு எந்தக் கோணத்தில் சேர்கிறது, வயர் எங்கிருந்து எங்கே போகிறது, சக்கரம் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று கண் தேட ஆரம்பிக்கும். 'கண் பார்வை போதாது' என்று தள்ளப்பட்ட பையன்தான் இப்படிப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். தன்னைக் கீழே போட்டு நொறுக்கிய இயந்திரத்தின் மேல் கோபம் கொள்ளாமல், அதைப் புரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார். அந்த மனசு நமக்கு வேண்டாமா?

5. கடிதமும் பெயரும்

போர்முனையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். ஆனால் இருக்கும் ஊரையோ, படையின் நகர்வையோ எழுதக் கூடாது. தணிக்கை உண்டு. அதனால் அந்தக் காலத்துக் கடிதங்களில் சாப்பாடு, குளிர், நண்பர்கள் என்றுதான் இருக்கும். லாக் புத்தகத்தில் நேரம் இருக்கும், மனசு இருக்காது. கடிதத்தில் மனசு இருக்கும், இடம் இருக்காது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்குத்தான் மனிதன் தெரிவான்.

சிலருக்கு முதுமை வரை ஆயுள் கிடைத்தது. ஹர்தித் சிங் மாலிக் தலைப்பாகைக்கு மேலே பெரிய ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பறந்தவர். 1917 அக்டோபர் 26 அன்று நடந்த சண்டையில் அவர் விமானத்தில் 400க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. காலில் பட்ட குண்டு கடைசி வரை உடம்பிலேயே இருந்தது. பின்னாளில் இந்தியாவின் தூதராகவும் இருந்து, 1985ல் காலமானார். அவர் எழுதிவைத்த சுயசரிதை, அவர் போய்ப் பல வருஷம் கழித்துப் புத்தகமாக வந்தது. நினைவிலிருந்து எழுதியதற்கு ஒரு சுவை உண்டு. அன்றன்றைக்கு எழுதியதற்கு ஒரு பலம் உண்டு.

ஆனால் என்னை உலுக்கியது வேலிங்கரின் கதை. பம்பாய்க்காரரான அவர் 1918 ஜூன் மாதக் கடைசியில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மானியரிடம் சிக்கி, காயத்தால் இறந்தார். அவர்கள் மரியாதையாகத்தான் அடக்கம் செய்தார்கள். ஆனால் பெயரை 'வும்கர்' என்று தப்பாக எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான்! போர் முடிந்தபின்னும் பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமல் பம்பாயில் ஒரு குடும்பம் காத்துக் கிடந்தது. மகன் இருந்த இடத்துக்கும் அம்மாவுக்கும் நடுவே நின்றது கடல் இல்லை. சில எழுத்துப் பிழை!

ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளி டி.சி.யில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று அலைந்த நம்மில் பல பேருக்கு இந்த வலி புரியும்.

நம் வீட்டில் காகிதம் உண்டா?

இங்கே என் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

எங்கள் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போன நாளை எல்லாம் எங்கள் மண் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவைப்பார். ஐந்தாவது நாள் குறுக்கே ஒரு கோடு. அரை நாள் என்றால் சின்னக் கோடு. இப்போது யோசித்தால், அதுதான் எங்கள் வீட்டு லாக் புத்தகம்! கட்டம் இல்லை, தேதி இல்லை. ஆனால் பொய் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டதே, அன்று அந்தச் சுவர் விழுந்தது. அந்த மாதம் மூட்டை ஏற்றிய கூலி பாக்கி இருந்தது. அப்பா 12 நாள் என்றார். வேலை கொடுத்த இடத்தில் இருந்த நோட்டில் 9 நாள் என்று இருந்தது. "எங்கே எழுதி வெச்சிருக்க, காட்டு" என்றார்கள். அப்பா விழுந்து கிடந்த மண்ணைக் கூட்டி அள்ளியவர்; எதைக் காட்டுவார்? 9 நாள் கூலியை வாங்கிக்கொண்டு வந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. மூன்று நாள் கூலி போனதைவிட, அன்று ராத்திரி அப்பா சொன்னதுதான் ஞாபகம் இருக்கிறது. "நீயாவது எழுதக் கத்துக்கடா."

அவரும் அந்த நோட்டுக்காரரும் வைத்த கணக்கில் ஒன்று 12, ஒன்று 9. ராய் விஷயத்தில் 10ம் 9ம் மோதியபோது தேதியை வைத்துத் தீர்க்க முடிந்தது. அப்பா விஷயத்தில் முடியவில்லை. ஏனென்றால் ஒரு பக்கத்துப் பேப்பர்தான் மிஞ்சியது. எழுதினவன் கணக்குதான் நிற்கும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இந்த செமினாரைத் தயார் செய்யும்போதுதான் புரிந்தது.

ராய் யாருக்காகப் பறந்தார்?

செமினாரில் ஒரு நண்பன் நல்ல கேள்வி கேட்டான். "வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனை நாம ஏன்டா கொண்டாடணும்? நம்ம வேதாரண்யத்திலேயே 1930ல் ராஜாஜி வந்து, சர்தார் வேதரத்தினம் எல்லாம் சேர்ந்து உப்பு அள்ளி அடி வாங்கினாங்களே, அவங்களைப் பேச வேண்டியதுதானே?" கைதட்டல் பறந்தது.

நானும் யோசித்தேன். அவன் கேட்டது நியாயம். ராய் ராஜாவின் சம்பளம் வாங்கிப் பறந்தவர்தான். ஆனால் இந்தியனுக்கு இயந்திரம் ஓட்டும் தைரியமும் புத்தியும் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப் படை அமைக்கப்பட்டு, 1933 ஏப்ரலில் கராச்சியில் நான்கு வாப்பிட்டி விமானங்களோடு முதல் படைப்பிரிவு தொடங்கியது. அதற்கு 15 வருஷம் முன்பே 'முடியும்' என்பதற்கான அத்தாட்சி அரசிதழிலேயே அச்சாகியிருந்தது. அது அவர்கள் கையால் எழுதிய பேப்பர்; அவர்களே மறுக்க முடியாது! 1998ல் ராயின் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. உப்பு அள்ளியவர்களைப் போற்றுவோம், முதலில் போற்றுவோம். கூடவே, கதவைத் தட்டிய இந்தப் பையனையும் மறக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

கட்டுரை நீண்டுவிட்டது. முடிவாகச் சில விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். நானும் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

(அ) எழுதுவதை அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், மெஷின் எண் மூன்றும் முதலில். எந்த லேத் என்பதுகூட முக்கியம். அதன் ஸ்பிண்டிலில் ஆட்டம் இருந்தால் உங்கள் ரீடிங்கில் தெரியும்.

(ஆ) பார்த்ததை 'பார்த்தது' என்றும், ஊகித்ததை 'ஊகம்' என்றும் தனித்தனியாக எழுதுங்கள். சண்டை அறிக்கையில் அவர்களால் முடிந்தது, வெர்னியர் காலிப்பர் பிடித்திருக்கும் நம்மால் முடியாதா?

(இ) தப்பானால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். ரப்பர் போட்டு அழிக்காதீர்கள். தப்பும் ஒரு தகவல்தான்.

(ஈ) பெயரைச் சரியாக எழுதுங்கள். உங்கள் பெயரையும், கூட வேலை செய்தவர் பெயரையும். வேலிங்கரை நினைத்துக்கொள்ளுங்கள்.

(உ) உங்களுக்குப் பிடித்த ஒரு இயந்திரத்தை, யாரும் கேட்காமலே ஒரு படம் வரையுங்கள். பம்பு செட்டோ, நெல் அறுக்கும் மெஷினோ, விசைப்படகு எஞ்சினோ எதுவாக இருந்தாலும் சரி.

(ஊ) வீட்டில் எழுதத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் கணக்கை நீங்கள் எழுதிவையுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் தொடங்கிவிட்டேன். ஒரு பழைய நோட்டின் மிச்சப் பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறேன். தேதி, இடம், வேலை, நேரம், கூலி, குறிப்பு. சாயங்காலம் அப்பா வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் கேட்டு எழுதுகிறேன். முதல் நாள் "இதெல்லாம் எதுக்குடா" என்றார். இப்போது ஒரு நாள் நான் மறந்தாலும், "இன்னைக்கு எழுதலையா?" என்று அவரே கேட்கிறார். போன வாரம் குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காத்து தெக்கே இருந்துச்சுன்னு எழுது" என்றார்.

காற்றின் திசை! அந்தக் காலத்து லாக் புத்தகத்தில் தேதிக்கு அடுத்த கட்டமே அதுதான்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு